ஒரு குழாயின் வரலாறு: டர்போ லாரிக்குள் காற்று வந்த வழி

லாரி எஞ்சினில் காற்றுக் குழாய் மாற்றுவதைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை என்றால் பாதிப் பேர் இங்கேயே ஓடிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இதில் விமானம் வருகிறது, கார் பந்தயம் வருகிறது, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சுவிஸ் இளைஞரின் யோசனை வருகிறது. மெக்கானிக்கல் படிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

டர்போ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் சுழலும் சக்கரம்தான். பாடப் புத்தகப் படங்களிலும் ஒரு பக்கம் டர்பைன், ஒரு பக்கம் கம்ப்ரசர், நடுவில் ஒரு தண்டு. குழாய்க்கு இரண்டு கோடு, ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். ஆனால் ஒர்க்ஷாப்பில் நிலைமை வேறு. "வண்டி இழுக்கவில்லை" என்று வரும் டர்போ லாரியில் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கை வைப்பது சக்கரத்தில் அல்ல, குழாயில்தான். படத்தில் இரண்டு கோடாக இருக்கும் பொருள் நிஜத்தில் ஏன் இவ்வளவு முக்கியமானது? அது ஒரே நாளில் நடக்கவில்லை. டர்போவை மேம்படுத்திய ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, குழாயின் தலையில் புதிதாக ஒரு வேலையை ஏற்றினார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஒரு கிலோ டீசல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 0.83 கிலோ. ஆக ஒரு லிட்டருக்கு 12 கிலோ காற்று. கன அளவில் சொன்னால் 10 கன மீட்டர், அதாவது இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஒரு சின்ன அறை நிறையக் காற்று. இது கணக்குக்கு மட்டும்தான். நிஜ டீசல் எஞ்சின் இதைவிட நிறையவே காற்றைக் கேட்கும். லோடு லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாலு கிலோமீட்டருக்கும் ஒரு அறைக் காற்றுக்கு மேல் விழுங்கிவிட்டுத்தான் அது நகர்கிறது.

எஞ்சினுக்குள் டீசலைக் கூடுதலாகத் தெளிப்பது சுலபம். பம்பைத் திருகினால் போதும். அதை எரிக்கத் தேவையான காற்றை உள்ளே அனுப்புவதுதான் கஷ்டம். காற்று போதவில்லை என்றால் பாதி எரிந்த டீசல் கரும்புகையாக வெளியே வரும். எஞ்சினின் சக்திக்கு எல்லை போடுவது காற்றுதான்.

புகையை வேலை வாங்கியவர்

ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ் பொறியாளர் 1879-ல் விண்டர்தூரில் பிறந்தவர். டீசல் எரிந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணாகப் போவது அவர் கண்ணை உறுத்தியது. அந்தப் புகையை வைத்து ஒரு டர்பைனைச் சுற்றி, அந்தச் சுழற்சியால் ஒரு கம்ப்ரசரை ஓட்டி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளினால் என்ன? இந்த யோசனைக்கு அவர் 1905-ல் காப்புரிமை பெற்றபோது வயது 26.

யோசனை 1905-ல் வந்தாலும், அது உருப்படியாக வேலை செய்ய 1925 ஆகிவிட்டது. இருபது வருடம்! புகையின் சூட்டைத் தாங்கும் உலோகமும் அவ்வளவு வேகத்தைத் தாங்கும் பேரிங்கும் அதற்குள் தயாராக வேண்டியிருந்தது. 1920களில் ஜெர்மனியின் 'பிராய்சன்', 'ஹன்சஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு பயணிகள் கப்பல்களில் டர்போ பொருத்திய டீசல் எஞ்சின்கள் இறங்கின. 1750 குதிரைத்திறன் எஞ்சின் 2500 குதிரைத்திறன் கொடுத்தது.

கப்பலில் குழாய் ஒரு பிரச்சினையே இல்லை. எஞ்சின் அறையில் தாராளமாக இடம் உண்டு. கெட்டியான இரும்புக் குழாயைப் போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கடல் காற்றில் செம்மண் புழுதியும் கிடையாது. எனவே அந்தக் காலத்தில் குழாயைப் பற்றித் தனியாகக் கவலைப்பட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

வானத்தில் நீண்ட குழாய்

அடுத்த கட்டம் விமானம். உயரே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் சோர்ந்துவிடும். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ஒகுஸ்ட் ரத்தோ விமான எஞ்சினுக்கு டர்போ பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் 1918-ல் கொலராடோவில் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, அதாவது 14,000 அடிக்கு மேல், ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொண்டுபோய்ச் சோதித்தார். கொண்டுபோனது எதில் தெரியுமா? லாரியில்! டர்போ அன்றைக்கு லாரியில் ஏறியது சரக்காக.

இரண்டாம் உலகப் போரில் வந்த பி-47 தண்டர்போல்ட்தான் நம் கதைக்கு முக்கியம். 1941-ல் முதலில் பறந்து, பிறகு 15,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்ட அமெரிக்கப் போர் விமானம் இது. இதில் எஞ்சின் மூக்கில், டர்போ விமானி இருக்கைக்குப் பின்னால் வயிற்றுப் பகுதியில். நடுவில் இருக்கும் தூரத்தை யோசித்துப் பாருங்கள். முன்பக்கம் நுழையும் காற்று குழாய் வழியே பின்னால் போக வேண்டும். அங்கே டர்போ அதை அழுத்தும். அழுத்தியதால் சூடான காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து, திரும்ப நீளமான குழாய்கள் வழியே மூக்கில் இருக்கும் எஞ்சினுக்கு வரும். புகைக்கும் தனிக் குழாய். அந்த விமானம் அவ்வளவு கொழுத்துத் தெரிவதற்கு இந்தக் குழாய்களும் ஒரு காரணம். டர்போவை எங்கேயோ வைத்துவிட்டு, அழுத்திய காற்றைக் குளிரவைத்து நெடுந்தூரம் சுமந்து வர முடியும் என்று அது காட்டியது. இதே ஏற்பாடு சுமார் முப்பது வருடம் கழித்து லாரிக்கு வந்தது.

புழுதி என்ற எதிரி

தரையில் ஓடும் வண்டிக்கு இன்னொரு தலைவலி உண்டு. 1915-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் விற்பனையாளர், புழுதியில் உழுத டிராக்டரின் எஞ்சின் சீக்கிரமே தேய்ந்துபோவதைப் பார்த்து ஒரு காற்று வடிகட்டி செய்தார். இன்றும் ஏர் பில்டர் தயாரிக்கும் டொனால்ட்சன் நிறுவனம் அங்கேதான் பிறந்தது. அதற்குப் பிறகு காற்றுப் பாதை இரண்டாகப் பிரிந்தது: பில்டருக்கு முன்னால் அழுக்குப் பக்கம், பின்னால் சுத்தப் பக்கம். சுத்தப் பக்கக் குழாயில் ஓட்டை விழுந்தால் பில்டர் இருந்தும் பயனில்லை.

டர்போ வந்த பிறகு இது இன்னும் தீவிரமானது. அதற்குச் சாட்சியாக ஒரு பந்தயமே நடந்தது. 1952-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்துக்குக் கம்மின்ஸ் நிறுவனம் ஒரு டீசல் காரைக் கொண்டுவந்தது. பந்தய எண் 28. உள்ளே இருந்தது 6.6 லிட்டர் லாரி எஞ்சினின் வாரிசு. காரின் உயரத்தைக் குறைப்பதற்காக எஞ்சினைப் படுக்கவைத்திருந்தார்கள். அந்தப் பந்தயத்தில் டர்போவோடு ஓடிய முதல் கார் அதுதான். ஓட்டியவர் ஃபிரெட் அகபாஷியன். தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்து முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமையை வாங்கினார். டீசல் வண்டி, மற்ற கார்களையெல்லாம் பின்னால் நிறுத்தியது!

ஆனால் பந்தயத்தில் 200 சுற்றுகளில் 71-வது சுற்றோடு நின்றுவிட்டது. எஞ்சின் உடையவில்லை. டர்போவுக்குக் காற்று போகும் வாய் வண்டியின் முன்பக்கம் தாழ்வாக இருந்தது. முன்னால் ஓடிய கார்களின் டயர்களிலிருந்து பிய்ந்து ஓடுதளத்தில் கிடந்த ரப்பர்த் தூளையெல்லாம் அது உறிஞ்சி எடுத்து அடைத்துக்கொண்டது. முதலிடத்திலிருந்து புறப்பட்ட வண்டி, மூச்சுக் குழாய் அடைத்து நின்றது. எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே இந்த ஒரு சம்பவத்தைப் படித்த பிறகுதான்.

லாரிக்கு வந்தது டர்போ

1938-ல் சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் லாரிக்கான முதல் டர்போ டீசல் எஞ்சினைச் செய்தது. போர் குறுக்கிட்டதால் பரவலாகவில்லை. 1951-ல் ஜெர்மனியின் எம்.ஏ.என். 8.7 லிட்டர் எஞ்சினை 130 குதிரைத்திறனிலிருந்து 175-க்கு உயர்த்தியது. 1954-ல் ஸ்வீடனின் வால்வோ டைட்டன் டர்போ 150-லிருந்து 185-க்குப் போனது. அதே சமயத்தில் அமெரிக்காவில் கேரட் நிறுவனம் கேட்டர்பில்லரின் மண் தள்ளும் டிராக்டர்களுக்கு டர்போ செய்து கொடுக்க ஆரம்பித்தது. 1961-ல் ஸ்கேனியா வந்தது. 1969-ல் அதே ஸ்கேனியாவின் 14 லிட்டர் வி8 எஞ்சின் 350 குதிரைத்திறனோடு இறங்கியபோது ஐரோப்பாவிலேயே சக்திவாய்ந்த லாரி எஞ்சின் அதுதான்.

இந்த வண்டிகளில் எல்லாம் குழாய் குட்டையாகவே இருந்தது. பில்டரிலிருந்து டர்போவுக்கு ஒரு ரப்பர்க் குழாய், டர்போவிலிருந்து எஞ்சினுக்கு ஒரு உலோகக் குழாய். இரண்டாவது குழாயின் இரு முனையும் எஞ்சின் மேலேயே இருந்ததால் எஞ்சின் எப்படி ஆடினாலும் குழாயும் கூடவே ஆடும். தொல்லை இல்லை.

குழாய் நீண்ட கதை

தொல்லை இன்டர்கூலர் வடிவில் வந்தது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுமே, அதே விஷயம்தான். டர்போ காற்றை மூன்று மடங்கு அழுத்தினால் அதன் வெப்பம் 180 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். சூடான காற்று விரிந்துபோகும், சிலிண்டருக்குள் குறைவாகத்தான் அடங்கும். அழுத்தம் குறையாமல் அதை 50 டிகிரிக்குக் குளிரவைத்தால், அதே இடத்தில் 40 சதவீதம் அதிகக் காற்று அடங்கும்.

1973-ல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இன்டர்கூலர் வைத்த டர்போ எஞ்சினை லாரிக்குக் கொண்டுவந்தது. அதே வருடக் கடைசியில் எண்ணெய் நெருக்கடி. டீசல் விலை ஏறியதும் சிக்கனமான எஞ்சினுக்கு மவுசு கூடியது. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. ஐரோப்பாவில் 1992-ல் யூரோ 1, அமெரிக்காவில் 1991-லும் 1994-லும் புகைத் துகளுக்குக் கடும் வரம்பு. குளிர்ந்த காற்றை நிறையக் கொடுத்தால்தான் அந்த வரம்புக்குள் நிற்க முடியும் என்றானது. இன்டர்கூலர் இல்லாத பெரிய லாரி எஞ்சின் மெல்ல மெல்ல மறைந்தது.

இதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். இன்டர்கூலர் இருப்பது வண்டியின் முன்னால், ரேடியேட்டருக்கு எதிரே. எனவே டர்போவிலிருந்து முன்னால் போக ஒரு நீண்ட குழாய், அங்கிருந்து எஞ்சினுக்குத் திரும்ப இன்னொரு நீண்ட குழாய். பி-47 விமானத்தின் வயிறு இப்போது லாரிக்குள்! அதுமட்டுமல்ல, எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் ஆடுகிறது, இன்டர்கூலரோ சேஸிஸ் பக்கம் நிற்கிறது. இரண்டையும் இரும்பால் இணைத்தால் சீக்கிரமே விரிசல் விடும். ஆகவே நடுவில் வளைந்து கொடுக்கும் ரப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸ் வேண்டும்.

அந்த ஹோஸ் என்ன பாடு படுகிறது என்று ஒரு கணக்கு. உள்விட்டம் 10 செ.மீ. என்றால் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. டர்போ கொடுக்கும் கூடுதல் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ என்று வைத்தால், முனையைப் பிய்த்துத் தள்ளும் விசை 157 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை மூன்றை அந்த இணைப்பில் தொங்கவிட்டதற்குச் சமம். அதுவும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஏறி, விடும்போது இறங்கி, நாள் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை. இதைத் தாங்கி நிற்பது ஒரு கிளாம்ப்.

அந்தக் கிளாம்புக்கும் வரலாறு உண்டு. பட்டையில் மரை வெட்டி, திருகைச் சுற்றினால் இறுகும் சாதாரண ஹோஸ் கிளிப் இருக்கிறதே, அதற்கு 1921-ல் காப்புரிமை வாங்கியவர் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன். ஜூபிலி கிளிப் என்று பெயர். பூச்சியின் டர்போ ஓடுவதற்கு நாலு வருடம் முன்பே கிளிப் ரெடி! ஆனால் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, நாளாக நாளாக அமுங்கிப்போகும் ஹோஸை அந்தக் கிளிப் தானாகப் பின்தொடராது. அதனால்தான் பெரிய லாரிகளின் அழுத்தப் பக்கத்தில் போல்ட்டோடு ஸ்பிரிங்கும் வைத்த அகலமான கிளாம்ப் போடுகிறார்கள். ரப்பர் அமுங்கினாலும் ஸ்பிரிங் விடாமல் இறுக்கிப் பிடிக்கும்.

குழாய் கெட்டால் என்ன ஆகும்?

எந்தப் பக்கம் கெட்டது என்பதைப் பொறுத்தது. பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் விட்டால் சத்தம் வராது, புகை வராது, ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. புழுதி மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கம்ப்ரசர் சக்கரத்தின் ஓரம் மழுங்கும், ரிங்கும் லைனரும் தேயும், ஒருநாள் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக முழு எஞ்சினையும் இறக்க வேண்டிய நிலை. இதே பக்கத்தில் இன்னொரு வினோதமும் உண்டு. ஹோஸின் உள் அடுக்கு உரிந்துபோனால், ஐட்லிங்கில் நன்றாக இருக்கும். மேட்டில் மிதிக்கும்போது மட்டும் உறிஞ்சலில் உள்ளே மடிந்து அடைத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் ஹோஸ் அப்பாவி மாதிரி நிற்கும்.

டர்போவுக்குப் பிறகு வருவது அழுத்தப் பக்கம். அங்கே ஓட்டை என்றால் விசில் சத்தம், இழுவைக் குறைவு. பழைய எஞ்சினில் கரும்புகை. புதிய எஞ்சினில் சென்சார் அழுத்தக் குறைவைப் பார்த்து, கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்து, டாஷ்போர்டில் விளக்கை எரியவிடும். இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். அப்படியே பல மாதம் ஓட்டினால் கடைசியில் போவது டர்போ. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புகைக்குழாயில் துகள் பில்டரும் சேர்ந்துவிட்டது. ஓட்டைக் குழாயோடு ஓட்டினால் கூடுதல் கரி போய் அதையும் சீக்கிரம் நிரப்பும்.

மாற்றும்போது வரலாறு எங்கே?

ஒரு நல்ல மெக்கானிக் இந்தக் குழாயை மாற்றும் முறையைக் கவனித்தால், ஒவ்வொரு அசைவிலும் மேலே சொன்ன கதை இருக்கும்.

முதலில் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுவார். டர்போ பக்கக் குழாயின் சூடு அப்படி. கிளாம்பைத் தளர்த்திய பிறகு ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பமாட்டார். முறுக்கித்தான் கழற்றுவார். நெம்பினால் குழாயின் வாயில் கீறல் விழும், புது ஹோஸ் போட்டாலும் காற்று அந்தக் கீறல் வழியே கசியும்.

கழற்றியதும் திறந்திருக்கும் வாய்கள் எல்லாவற்றையும் மூடுவார். இது 1952 பந்தயத்தின் பாடம். ஒரு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்ற கணக்கில் சுழலும் சக்கரத்துக்குள் ஒரு சின்ன வாஷர் போனால் போதும். மூடிய துணியை மறக்காமல் எடுப்பதும் இதில் சேர்த்தி! பழைய ஹோஸில் ஒரு துண்டு காணவில்லை என்றால், அது எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிக்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யமாட்டார்.

உள்ளே லேசாக ஆயில் படிந்திருந்தால் பயப்படமாட்டார். பல எஞ்சின்களில் கிராங்க்கேஸ் ஆவி இந்த வழியேதான் திரும்புகிறது. ஆயில் தேங்கி நின்றால் மட்டும் டர்போவின் சீலைச் சந்தேகப்படுவார். புது ஹோஸும் ஆயிலுக்குத் தாங்கும் ரகமா என்று பார்ப்பார். வெறும் சிலிக்கோன் சூட்டைத் தாங்கும், ஆயிலில் ஊறிப்போகும். அதனால் உள்ளே தனி அடுக்கு கொடுத்த ஹோஸ்கள் உண்டு.

முனைகளை நன்றாகத் துடைத்து உலரவிட்டுப் பிறகுதான் பொருத்துவார். சுலபமாக நுழையட்டும் என்று கிரீஸ் தடவமாட்டார். மூன்று அரிசி மூட்டையின் இழுப்பு அங்கே காத்திருக்கிறது, கிரீஸ் இருந்தால் ஹோஸ் வழுக்கி வெளியே வரும். குழாய் முனையில் வளையம்போல ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளாம்பைப் போட்டால் முதல் மேட்டுப் பாதையிலேயே கழன்றுவிடும். இறுக்குவதும் கம்பெனி சொன்ன அளவுக்குத்தான். அதிகம் இறுக்கினால் பட்டை ரப்பரை வெட்டும்.

கடைசியாக, ஹோஸ் எதிலாவது உரசுகிறதா என்று பார்ப்பார். எஞ்சின் ஆடும், சேஸிஸ் ஆடாது. இன்று விரல் அளவு இடைவெளி இல்லையென்றால் சில மாதத்தில் அங்கே ஓட்டை. சோப்புத் தண்ணீர் தெளித்து, குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து, குமிழி வருகிறதா என்று ஒரு சோதனை. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு கிளாம்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

பூச்சியின் காப்புரிமைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அவரைப் பற்றிப் புத்தகங்களில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அவருடைய சக்கரம் அழுத்திய காற்று பிஸ்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் காப்புரிமைக்கு அர்த்தம். அதை ஒவ்வொரு நாளும் போய்ச் சேரவைப்பது, நெடுஞ்சாலை ஓரப் பட்டறையில் கழற்றிய குழாயின் வாயை ஒரு சுத்தமான துணியால் மூடிவைக்கும் மெக்கானிக். அடுத்த தடவை ஒரு லோடு லாரி மேட்டில் புகையே இல்லாமல் உங்களை முந்திப் போனால், அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.